திறந்தவெளியில் தாய்ப்பன்றியும் இளங்குட்டிகளும்: முதல் மூன்று நாள் கவனம்

பன்றி வளர்ப்பில் இலாபமும் நட்டமும் குட்டி ஈனும் வாரத்திலேயே முடிவாகி விடுகின்றன. ஒரு தாய்ப்பன்றி ஆண்டுக்கு இருமுறை ஈனக்கூடியது. ஈத்துக்குப் பத்துக் குட்டி பிறந்து அதில் ஆறு மட்டுமே தேறினால், ஆண்டில் எட்டுக் குட்டிகள் வீணாகின்றன. தாய் தின்ற தீவனம் தின்றதுதான். வருமானம் மட்டும் பாதியை நெருங்கிக் குறைந்து விடுகிறது. ஒன்றிரண்டு தாய்ப்பன்றிகளை வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது ஒரு பிள்ளையின் ஓராண்டுப் படிப்புச் செலவாகவும் இருக்கலாம்.

சென்னைக்கு வடக்கே அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் சிமெண்டுத் தரையும் கூரையும் போட்ட பன்றிக் கொட்டகை எல்லோராலும் கட்ட முடிவதில்லை. வேலி அடைத்த திறந்தவெளியில் பன்றிகளை விட்டு வளர்ப்பது செலவு குறைந்த முறை. இது தரக்குறைவான முறையும் அன்று. இங்கிலாந்தில் ஏறத்தாழ பத்தில் நான்கு தாய்ப்பன்றிகள் இன்றும் வயல்வெளியில், வளைந்த தகரக் குடில்களில்தான் ஈனுகின்றன. ஆனால் திறந்தவெளி வேறு, தெருவில் அலைய விடுவது வேறு. சாக்கடை ஓரத்தில் ஈன்ற பன்றியின் குட்டிகளை நாயும் நோயும் பங்கிட்டுக் கொள்ளும். தாய்ப்பன்றிக்கு ஒரு வேலி, ஒரு குடில், நல்ல தண்ணீர் ஆகிய மூன்றும் இருந்தால்தான் அது வளர்ப்பு.

குட்டிகள் ஏன் சாகின்றன?

பால் மறக்கும் முன் சாகும் குட்டிகளில் பெரும்பாலானவை பிறந்த முதல் மூன்று நாட்களிலேயே சாகின்றன. 'தாய் மேலே படுத்து நசுக்கி விட்டது' என்று சொல்வது வழக்கம். உண்மையில் நசுங்குவது கடைசிக் காரணம். அதற்கு முன்னே இரண்டு காரணங்கள் உண்டு.

பன்றிக்குட்டி பிறக்கும்போது உடலில் கொழுப்பு மிகக் குறைவு. ரோமமும் சொற்பம். ஈரலில் சேர்த்து வைத்துள்ள சர்க்கரைச் சத்து ஏறத்தாழ ஒரு நாளைக்குத்தான் தாங்கும். தாயின் வயிற்றுக்குள் 39 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்த குட்டி, ஈரத்தோடு வெளியே விழுந்ததும் நடுங்கத் தொடங்குகிறது. குளிர்ந்த குட்டிக்கு எழுந்து காம்பைத் தேடும் தெம்பு இராது. பால் குடிக்காத குட்டிக்குச் சூடு மேலும் குறையும். சூடு தேடி அது தாயின் வயிற்றை ஒட்டியே கிடக்கும். தாய் எழுந்து படுக்கும்போது விலகி ஓட அதனால் முடியாது. ஆகவே, குளிரும் பசியும் பாதி கொன்ற குட்டியைத்தான் தாய் நசுக்குகிறது. குளிரை நீக்கினால் மற்ற இரண்டும் பெரும்பாலும் தாமே நீங்கும்.

சென்னைப் பக்கத்து வெயிலில் குளிர் ஏது என்று கேட்கலாம். பிறந்த குட்டிக்கு 32 முதல் 35 டிகிரி வெப்பம் வேண்டும். மார்கழி இரவிலும், மழை பெய்து தரை நனைந்த நாளிலும், அந்த வெப்பம் இங்கே கிடையாது. தாய்ப்பன்றிக்கோ 20 டிகிரியைச் சுற்றிய குளுமைதான் சுகம். பன்றிக்கு வியர்த்து உடல் ஆறும் வழி இல்லை. ஆகவே, ஒரே குடிலுக்குள் தாய்க்கு நிழலும் காற்றும், குட்டிக்கு உலர்ந்த கதகதப்பும் அமைத்துத் தருவதே வளர்ப்பவரின் வேலை.

ஈனும் காலத்தைத் தேர்ந்து கொள்ளுங்கள்

பன்றியின் சினைக்காலம் 114 நாட்கள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று நினைவில் வைத்துக் கொள்ளலாம். எட்டு வாரத்தில் குட்டிகளுக்குப் பாலை மறக்கச் செய்தால், அதன்பின் ஒரு வாரத்துக்குள் தாய் மீண்டும் பருவத்துக்கு வரும். தவறினால் 21 நாள் கழித்து அடுத்த பருவம்.

இந்தக் கணக்கைக் கொண்டு கோடை வெயிலில் சித்திரை, வைகாசியிலோ, ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலோ ஈனாதபடி பார்த்துக் கொள்ளலாம். செப்டம்பர் 15-இல் சேர்த்த பன்றி ஜனவரி 7 வாக்கில் ஈனும். மார்ச் முதல் வாரத்தில் பால் மறக்கச் செய்து, 10-ஆம் தேதி வாக்கில் மீண்டும் சேர்த்தால் ஜூலைத் தொடக்கத்தில் அடுத்த ஈற்று. ஆகஸ்டு கடைசியில் அந்தக் குட்டிகளும் பிரிந்து விடும். ஆண்டுக்கு இரண்டு ஈற்று, இரண்டும் பெருமழைக்கும் கத்திரி வெயிலுக்கும் வெளியே. ஜூலையில் ஈனும் பன்றி கோடையில் நிறைசினையாக இருக்கும். அதற்கு ஏப்ரல் முதலே அடர்ந்த நிழலும், உடலை நனைத்துக் கொள்ள நீரும் தவறக் கூடாது.

சேர்த்த தேதியைச் சுவரிலோ நாட்காட்டியிலோ குறித்து வைக்க வேண்டும். தேதி தெரியாத பன்றிதான் யாரும் பாராத இரவில் சேற்றில் ஈனுகிறது.

குடில் அமைக்கும் முறை

அத்திப்பட்டு வட்டாரம் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய தாழ்ந்த பூமி. மழை நீர் எளிதில் வடியாது. ஆகவே குடில் போடும் இடத்தை முதலில் ஒன்றரை அடி உயரத்துக்கு மண் கொட்டி, திமிசு போட்டு மேடாக்க வேண்டும். சுற்றிலும் ஒரு வடிகால் வெட்ட வேண்டும்.

ஒரு தாய்க்கு 10 அடி நீளம், 8 அடி அகலம் போதும். நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே குறைவாக விழும். வடகிழக்குப் பருவமழை அடிக்கும் வடக்கையும் கிழக்கையும் தரையிலிருந்து மூன்றடி வரை அடைத்து, வாசலைத் தெற்கே வைப்பது நலம். கம்பத்துக்கு இப்பகுதியில் கிடைக்கும் சவுக்கும், கூரைக்குப் பனையோலை அல்லது தென்னங்கீற்றும் ஏற்றவை. தகரம் போட்டால் அதன்மேல் கீற்றைப் பரப்ப வேண்டும். வெறுந்தகரம் பகலில் அடுப்பாகி விடும்.

நசுங்குவதைத் தடுக்கும் தடுப்புக் கழி இன்றியமையாதது. குடிலின் உட்புறச் சுவர் நெடுக, தரையிலிருந்து 20 முதல் 25 செ.மீ. உயரத்தில், சுவரிலிருந்து 20 முதல் 25 செ.மீ. தள்ளி, கனமான சவுக்குக் கழியையோ இரும்புக் குழாயையோ பொருத்த வேண்டும். தாய்ப்பன்றி சுவரில் சாய்ந்தபடியே சரிந்து படுக்கும். அப்போது கழிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் குட்டி தப்பித்துக் கொள்ளும். தாயின் எடை 150 கிலோவுக்கு மேல் போகும் என்பதால் கழி அசையாமல் ஊன்றியிருக்க வேண்டும்.

குடிலின் மழை படாத ஒரு மூலையில் நாலடிக்கு மூன்றடி இடத்தைக் கழிகளால் தடுத்து, குட்டி மட்டும் நுழையும்படி இடைவெளி விட வேண்டும். இதுவே குட்டி மூலை. இங்கே உலர்ந்த வைக்கோலை ஒரு சாண் அளவு துண்டாக நறுக்கிப் பரப்ப வேண்டும். நீள வைக்கோலில் இளங்குட்டியின் கால் சிக்கிக் கொள்ளும். மின்வசதி இருந்தால் 100 வாட் குண்டு பல்பை இரண்டடி உயரத்தில் கம்பிக் கூண்டுக்குள் உறுதியாகக் கட்டித் தொங்க விடலாம். இல்லையேல் வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைச் சாக்கில் சுற்றி வைக்கலாம். கீற்றும் வைக்கோலும் உள்ள இடத்தில் தணல் சட்டி வைக்கவே கூடாது.

போதிய சூடு இருக்கிறதா என்று அறியக் கருவி தேவையில்லை. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடந்தால் குளிர்கிறது என்று பொருள். மூலையை விட்டு விலகிச் சிதறிப் படுத்தால் சூடு அதிகம். பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் படுத்துத் தூங்கினால் சரியாக இருக்கிறது.

ஈனும் முன் செய்ய வேண்டியவை

ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்பு கால்நடை மருத்துவர் சொல்படி குடற்புழு நீக்க மருந்து தர வேண்டும். ஒரு வாரம் முன்பு தாயைச் சோப்பு நீரில், குறிப்பாக மடியையும் அடிவயிற்றையும், கழுவித் துடைத்துப் புதுக் குடிலுக்கு மாற்ற வேண்டும். முந்தைய ஈற்றின் வைக்கோலை எரித்துத் தரைக்குச் சுண்ணாம்பு தூவியிருக்க வேண்டும்.

ஈனும் நேரம் நெருங்கினால் மடி விம்மும். தாய் வைக்கோலை வாயால் கவ்வி வந்து படுக்கை அமைக்கும். எழுந்தும் படுத்தும் தவிக்கும். காம்பைப் பிதுக்கினால் பால் வருமானால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈன்று விடும். அன்று தீவனத்தைக் குறைத்து, தவிட்டுக் கஞ்சியும் தண்ணீரும் மட்டும் தருவது மலச்சிக்கலைத் தடுக்கும். சேற்றுக் குட்டையில் புரள விடாமல், வெயில் வேளையில் குடிலிலேயே உடம்பின்மேல் நீர் தெளிக்க வேண்டும். சேறு அப்பிய காம்பைச் சப்பும் குட்டிக்குக் கழிச்சல் நிச்சயம்.

ஈனும் வேளையில்

பன்றி பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் ஈனும். அந்த ஓர் இரவு ஒருவர் விழித்திருந்தால் இரண்டு மூன்று குட்டிகள் கூடுதலாகத் தேறும். கூட்டம் கூடக் கூடாது. நாள்தோறும் தீனி வைப்பவரே அருகிலிருப்பது நல்லது.

குட்டிகள் சுமார் கால் மணி, இருபது நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாக வரும். மொத்தம் இரண்டு முதல் நான்கு மணி நேரமாகும். வந்த குட்டியின் மூக்கிலும் வாயிலும் உள்ள சவ்வை நீக்கி, உலர்ந்த துணியால் நன்றாகத் தேய்த்துத் துடைக்க வேண்டும். தொப்புள் கொடியை உடலிலிருந்து ஓர் அங்குலம் விட்டுச் சுத்தமான நூலால் கட்டி, மீதியை வெட்டி, டிங்ச்சர் அயோடினில் தோய்க்க வேண்டும். மண் தரையில் இதைத் தவறவிட்டால் தொப்புள் வழியே கிருமி ஏறும்.

அடுத்த வேலை சீம்பால். தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கருப்பையில் இருக்கும்போது குட்டிக்குச் செல்வதில்லை. சீம்பால் வழியாக மட்டுமே செல்லும். அதையும் ஏற்கும் சக்தி குட்டியின் குடலுக்கு ஏறத்தாழ முதல் ஒரு நாள்தான் உண்டு. மணிக்கு மணி அது குறைந்து கொண்டே வரும். ஆகவே முதல் ஆறு மணி நேரத்துக்குள் எல்லாக் குட்டியும் குடித்து விட்டதா என்று வயிற்றைத் தடவிப் பார்க்க வேண்டும். ஈன்று முடியட்டும் என்று குட்டிகளைக் கூடையில் போட்டு மூடி வைப்பது தவறு.

முக்கியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அடுத்த குட்டி வராவிட்டால் மருத்துவரை அழைக்க வேண்டும். கையை உள்ளே விடுவது ஆபத்து. நஞ்சுக்கொடி சுமார் நான்கு மணி நேரத்துக்குள் விழுந்து விடும். அதையும் செத்த குட்டியையும் ஆழப் புதைக்க வேண்டும். தலைச்சன் ஈற்றில் சில பன்றிகள் மிரண்டு குட்டியைக் கடிக்கும். அப்படியானால் ஈன்று முடியும்வரை குட்டிகளைக் குட்டி மூலையில் அடைத்து வைத்து, தாய் அமைதியானதும் விட வேண்டும்.

விறைத்துப் போன குட்டியைச் செத்ததென்று எறிய வேண்டாம். கை பொறுக்கும் வெந்நீரில் கழுத்து வரை சில நிமிடம் அமிழ்த்தி, ஈரம் போகத் துடைத்துச் சூடேற்றி, சீம்பாலைக் கறந்து சொட்டுச் சொட்டாகப் புகட்டினால் பல குட்டிகள் எழுந்து விடும்.

பால் எல்லோருக்கும் கிடைக்கச் செய்தல்

தாய்ப்பன்றி விரும்பும்போதெல்லாம் பால் சுரப்பதில்லை. ஏறத்தாழ மணிக்கு ஒருமுறை, அதுவும் சுமார் 20 விநாடிதான் பால் இறங்கும். அப்போது காம்பு பிடிக்காத குட்டி அடுத்த வேளை வரை பட்டினி. இரண்டு மூன்று நாளில் ஒவ்வொரு குட்டியும் தனக்கென ஒரு காம்பைப் பிடித்துக் கொள்ளும். பிறகு மாற்றிக் கொள்ளாது. முன்பக்கக் காம்புகளில் பால் அதிகம். ஆகவே முதல் நாளிலேயே இளைத்த குட்டிகளை முன்காம்புகளில் பிடித்து விட வேண்டும்.

காம்புகளை விடக் குட்டிகள் அதிகமானால், சீம்பால் குடித்த கொழுத்த குட்டிகளை ஒரு மணி நேரம் குட்டி மூலையில் அடைத்து, இளைத்தவற்றைக் குடிக்க விடலாம். அதே இரண்டொரு நாளில் ஈன்ற வேறு தாய் இருந்தால் மிகுதிக் குட்டிகளை அதனிடம் சேர்க்கலாம். அந்தத் தாயின் படுக்கை வைக்கோலால் குட்டியைத் தேய்த்துவிட்டால் வாடை வேறுபாடு தெரியாது. தாயில்லாக் குட்டிக்குப் பசும்பாலையோ ஆட்டுப்பாலையோ வெதுவெதுப்பாக இரண்டு மணிக்கொருமுறை புகட்டலாம். அதில் சர்க்கரை சேர்க்கக் கூடாது. முதல் வாரக் குட்டிக்கு அதைச் செரிக்கும் சக்தி இல்லை. கழிச்சல் காணும்.

தாய் தீனி மறுத்து, மடி கல்லாகி, சூடாக இருந்து, குட்டிகள் ஓயாமல் கத்தினால் அது மடிநோய்க்கு அறிகுறி. அன்றே மருத்துவம் செய்யாவிட்டால் மறுநாள் குட்டிகள் மிஞ்சா.

இரும்புச்சத்தும் மண்ணும்

குட்டிக்கு நாளொன்றுக்கு 7 முதல் 10 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை. தாய்ப்பாலில் கிடைப்பது ஒரு மில்லிகிராம் அளவே. சிமெண்டுத் தரையில் வளரும் குட்டிகள் இதனால் வெளிறி, மூச்சிரைத்துச் சாகும். திறந்தவெளிக் குட்டிகள் மண்ணைக் கிளறித் தின்று இக்குறையை ஓரளவு ஈடு செய்து கொள்ளும். இது திறந்தவெளி வளர்ப்பின் பெரிய நன்மை.

ஆனால் எல்லா மண்ணும் நல்ல மண் அன்று. அத்திப்பட்டைச் சுற்றி அனல் மின் நிலையங்களும், அவற்றின் சாம்பல் குட்டைகளும் உண்டு. சாம்பல் படிந்த நிலத்திலும், கழிவுநீர் பாயும் ஓடைக் கரையிலும் குட்டிகளை மண் கிளற விடக் கூடாது. பன்றி நடமாடாத இடத்துச் செம்மண்ணை எடுத்து வந்து குட்டி மூலையில் தூவலாம். எனினும் இவ்வட்டாரத்தில் மண்ணை மட்டும் நம்பாமல், நான்காம் நாள் வாக்கில் இரும்புச்சத்து ஊசியைக் கழுத்துத் தசையில் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் போட்டுவிடுவதே பாதுகாப்பு.

தண்ணீரும் உப்பும்

மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே ஏறியது. 1960-களின் இறுதியிலிருந்தே அறியப்பட்ட உண்மை இது. பன்றி வளர்ப்போருக்கு இதில் ஒரு தனி ஆபத்து உண்டு. பால் கொடுக்கும் தாய்க்குக் கோடையில் நாளொன்றுக்கு 30, 40 லிட்டர் தண்ணீர்கூட வேண்டியிருக்கும். நீர் உப்புக் கரித்தால் தாய் குறைவாகக் குடிக்கும். குறைவாகக் குடித்தால் பால் வற்றும். உப்பும் மிகுந்து தண்ணீரும் கிடைக்காமற் போனால் உப்பு நச்சு ஏற்பட்டுப் பன்றி கண் தெரியாதது போல் வட்டமிடும், தலையைச் சுவரில் முட்டும், வலிப்பு வந்து விழும்.

ஆகவே கிணற்று நீர் கரித்தால் தீவனத்தில் உப்புச் சேர்க்கக் கூடாது. கருவாடு கழுவிய நீர், ஊறுகாய், அப்பள மிச்சம் ஆகியவற்றை நீக்க வேண்டும். குடிநீரைத் தொட்டியில் நிழலில் வைத்து, ஒருபோதும் காலியாக விடக் கூடாது. ஒரு நாள் முழுதும் தண்ணீர் இல்லாமற் போய்விட்டால், ஒரேயடியாகக் குடிக்க விடாமல் சிறிது சிறிதாகத் தர வேண்டும். வெள்ளத்தின்போது ஆற்று நீரையும் ஓடை நீரையும் குடிக்க விடுவது கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள்.

தீவனம்

ஈன்ற மறுநாள் முதல் தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி ஒரு வாரத்தில் முழு அளவுக்கு வர வேண்டும். தாய்க்கென இரண்டு கிலோ, குட்டி ஒன்றுக்குக் கால் கிலோ என்பது கணக்கு. பத்துக் குட்டித் தாய்க்கு நாலரைக் கிலோ கலப்புத் தீவனம். மக்காச்சோளம், தவிடு, புண்ணாக்கு, மீன்தூள், தாது உப்புக் கலவை ஆகியவை அதில் அடங்கும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தொடவே கூடாது.

தொழிற்பேட்டைகளும் உணவு விடுதிகளும் மிகுந்த இப்பகுதியில் எச்சில் உணவு மலிவாகக் கிடைக்கும். அதை ஒரு மணி நேரம் கிளறிக் கிளறிக் கொதிக்க வைத்து ஆறிய பின்பே தர வேண்டும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-இல் அசாமிலும் அருணாசலத்திலும் இந்தியாவில் முதன்முறையாகக் காணப்பட்டது. 2022-இல் கேரளத்தின் வயநாட்டுக்கும், 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப் பன்றிகளுக்கும் வந்தது. இது மனிதரைத் தாக்காது. ஆனால் பன்றிகளைக் கூண்டோடு அழிக்கும். குணப்படுத்தும் மருந்து இல்லை. பன்றி இறைச்சி மிச்சத்தின் வழியாகவும் பரவும். திறந்தவெளிப் பன்றிக்கு வேலியே காவல். அடுத்த பண்ணைப் பன்றியும் தெருப்பன்றியும் மூக்கோடு மூக்கு உரசாதபடி வேலி இருக்க வேண்டும். வேலி, நாயையும் வெளியே நிறுத்தும்.

குட்டிகளுக்கு இரண்டு வாரம் ஆனதும் குட்டி மூலையில் சிறு தட்டில் குருணைத் தீவனமும் நல்ல தண்ணீரும் வைத்துப் பழக்க வேண்டும். மூன்று வாரத்துக்குப் பின் தாயின் பால் குறையத் தொடங்கும். அப்போது தின்னப் பழகிய குட்டி தளராது. பால் மறந்தபின் இரண்டாம் மாத அளவில் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி போட வேண்டும். தாய்க்குச் சினைக்கு விடும் முன்பே இத்தடுப்பூசியை முடித்துக் கொள்வது நலம். குடிலைச் சுற்றி நீர் தேங்கினால் மூளைக் காய்ச்சல் பரப்பும் கொசுக்கள் பெருகும். ஆகவே வடிகாலை அடைபடாமல் வைத்திருப்பது வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

நல்ல இனப் பன்றிகள் பற்றியும் பயிற்சி பற்றியும் காட்டுப்பாக்கத்திலுள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம். நோய்க்கும் ஊசிக்கும் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை நாட வேண்டும்.

மேடான இடத்தில் ஒரு கீற்றுக் குடில், சுவரோரம் நான்கு சவுக்குக் கழி, மூலையில் உலர்ந்த வைக்கோல், கரிக்காத தண்ணீர், ஓர் இரவுக் கண்விழிப்பு. இவற்றுக்கு ஆகும் செலவை, காப்பாற்றப்படும் முதல் இரண்டு குட்டிகளே திருப்பித் தந்துவிடும்.